டிடிஎஸ் 300 என்றால் நல்ல தண்ணீரா?

டம்ளரில் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை லிட்டருக்கு மி.கி. கணக்கில் காட்டுவது) முக்கி, 300 காட்டுகிறது, அப்போ குடிக்கலாம் என்று முடிவு கட்டுவதுதான் நான் அடிக்கடி பார்க்கிற தவறு. அந்த மீட்டர் உப்பை நேரடியாக அளப்பதே இல்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, அதை 0.5 முதல் 0.7 வரையிலான ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது, கிருமியும் தெரியாது. தர்மபுரி பக்கம் போர் தண்ணீரில் பயப்பட வேண்டியது ஃப்ளோரைடு. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மி.கி., வேறு வழியே இல்லையென்றால் 1.5. அது 3 இருந்தாலும் 300 காட்டுகிற மீட்டரில் தனியாகத் தெரியாது, ஆனால் அதையே குடித்து வளரும் பிள்ளைகளின் பல்லில் கறையாகத் தெரியும்.

சரி, ஃப்ளோரைடை மட்டும் அளக்கும் ஃப்ளோரைடு எலெக்ட்ரோடு வாங்கிவிட்டோம், அப்புறம் என்ன? மாதிரியில் நேராக முக்கக் கூடாது. தண்ணீரில் இரும்போ அலுமினியமோ இருந்தால் ஃப்ளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும், எலெக்ட்ரோடு தனியாகத் திரியும் ஃப்ளோரைடை மட்டுமே பார்க்கும் என்பதால் அளவு குறைத்துக் காட்டும். காரத் தண்ணீராக இருந்தால் ஹைட்ராக்சைடையும் சேர்த்து எண்ணிக் கூட்டிக் காட்டும். இதற்குத்தான் டிசாப் (TISAB) கரைசல், பிடிபட்ட ஃப்ளோரைடை விடுவித்து, காரத்தையும் சரிக்கட்டும். மாதிரிக்கும், ஒப்பிடுவதற்கான அளவு தெரிந்த கரைசலான ஸ்டாண்டர்டுக்கும் ஒரே விகிதத்தில் ஊற்ற வேண்டும், இரண்டும் ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும், பீக்கர் பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

தண்ணீரின் அமில, காரத் தன்மையை அளக்கும் பிஎச் எலெக்ட்ரோடை காய்ச்சி வடித்த நீரில் ஊறப்போட்டு வைக்காதீர்கள், 3 மோலார் பொட்டாசியம் குளோரைடுதான் அதற்கு. கலங்கல் மீட்டரின் கண்ணாடிக் குப்பியில் கைரேகை பட்டால் அதுவும் கலங்கலாகவே கணக்காகும்.

ஆனால் பெரிய தவறுகள் கருவிக்கு வருமுன்பே, பாட்டிலில் நடக்கின்றன. இரும்புள்ள போர் தண்ணீரைப் பிடிக்கும்போது பளிச்சென்று இருக்கும், நேரம் ஆக ஆக மஞ்சளாகி அடியில் துருப்பொடி படியும். மேல் தண்ணீரை மட்டும் எடுத்து உலோகங்களை அளக்கும் அணு உறிஞ்சல் கருவியில் கொடுத்தால் இரும்பு குறைவு என்றுதான் அறிக்கை வரும், இரும்போ அடியில் கிடக்கிறது. உலோகம் பார்ப்பதற்கான பாட்டிலில் தண்ணீர் பிடித்த இடத்திலேயே நைட்ரிக் அமிலம் விட்டு பிஎச்சை 2-க்குக் கீழே இறக்குங்கள். நைட்ரேட்டுக்கு வேறு பாட்டிலில் பிடியுங்கள், அமிலம் விட்ட பாட்டிலில் நாமே நைட்ரேட்டை ஊற்றியிருக்கிறோம்.