வீட்டு மருந்துகளுக்கு ஒரு தாள்: அவசரம் வருவதற்கு முன்பே எழுதி வைப்பது எப்படி?

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்ட இரவு, எமர்ஜென்சியில் இருந்த டாக்டர் என்னிடம் முதலில் கேட்டது, "அப்பா ரத்தம் உறையாம இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்றுதான். "காலையில ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, ராத்திரி ரெண்டு" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. வார்ஃபரின், அபிக்ஸபான் மாதிரி மருந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தலையில் அடிபட்டால் வெளியே காயமே தெரியாவிட்டாலும் உள்ளே ரத்தம் கசியலாம், அதனால் அடுத்து என்ன செய்வது என்பதில் பாதி அந்தப் பதிலில்தான் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குத் தங்கை ஓடிப்போய் மாத்திரை அட்டைகளைப் போட்டோ எடுத்து அனுப்பும்வரை காத்திருந்தோம். அப்பா நல்லபடியாகத் திரும்பி வந்தார். அந்த வாரமே உட்கார்ந்து இந்தத் தாளை எழுதினேன், அதை நீங்களும் எழுத வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு. ஒரு மணி நேரம் போதும்.

படி 1: எல்லாவற்றையும் மேசை மேல் கொட்டுங்கள்

அலமாரி, ஃப்ரிட்ஜ் கதவு, கைப்பை, தலையணைப் பக்கம், எங்கெங்கே மருந்து இருக்கிறதோ எல்லாம் வரட்டும். கண் சொட்டு மருந்து, இன்ஹேலர், களிம்பு, சத்து மாத்திரை, மூலிகை மருந்து, இவையும் சேர்த்தி. "அது மருந்தே இல்லை" என்று நாம் நினைக்கிற மூலிகைகூட டாக்டர் கொடுத்த மருந்தோடு மோதலாம்.

தேதி முடிந்தது, பெயர் தெரியாமல் கத்தரித்த துண்டாகக் கிடப்பது, போன வருடக் காய்ச்சலுக்கு வாங்கி மிச்சமான ஆன்டிபயாட்டிக், மூன்றையும் தனியாக ஒதுக்குங்கள். உங்கள் ஊர் மருந்துக்கடையில் திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். கழிப்பறையில் கொட்ட வேண்டாம். இனி அட்டையிலிருந்து மாத்திரை எடுக்கும்போது பெயரும் தேதியும் அச்சான முனையை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து எடுங்கள். சின்னப் பழக்கம்தான், ஆனால் கடைசி மாத்திரை வரை அது என்ன மாத்திரை என்று தெரியும்.

படி 2: பெரிய எழுத்தை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள்

பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதுதான் உண்மையான மருந்து. இந்த ஒரு படியில்தான் பெரும்பாலான வீடுகளில் அதிர்ச்சி காத்திருக்கிறது, ஏனென்றால் காய்ச்சல் மாத்திரை, சளி மாத்திரை, உடம்புவலி மாத்திரை என்று மூன்று அட்டை இருக்கும், மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கும். (அமெரிக்காவில் இதையே அசிட்டமினோஃபென் என்பார்கள், வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.) பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் அதிகபட்சம் 4 கிராம், அதாவது 500 மி.கி. மாத்திரை எட்டு, எடை குறைந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அளவு மீறினால் முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம், கல்லீரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு, அது முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். அதனால் அளவு கூடிவிட்டது என்று தெரிந்தால் "நல்லாத்தானே இருக்கேன்" என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, உடனே கிளம்ப வேண்டும்.

அட்டையில் எஸ்ஆர், ஈஆர், எக்ஸ்ஆர் என்று இருந்தால் அது மெதுவாகக் கரைகிற மாத்திரை. பொடித்துக் கொடுத்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்கச் சிரமமாக இருந்தால் டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ சொல்லி வேறு வடிவத்தில் கேளுங்கள்.

படி 3: தாள்

ஒருவருக்கு ஒரு தாள். மேலே பெயர், பிறந்த வருடம், என்னென்ன நோய், அப்புறம் சிவப்பு மையில் எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, சாப்பிட்டால் என்ன ஆகும் என்பது. அதன் கீழே மருந்துக்கு ஒரு வரி, இப்படி:

மெட்ஃபார்மின் 500 மி.கி. – காலை 1, இரவு 1 – சாப்பிட்டபின் – ஷுகருக்கு

மருந்தின் பெயரை மட்டும் அட்டையில் இருக்கிற எழுத்திலேயே பார்த்து எழுதுங்கள், எந்த ஊர் டாக்டரும் படிக்க வேண்டுமே. "எதற்கு" என்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எழுதும்போதுதான் இரண்டு டாக்டர்கள் ஒரே நோய்க்கு இரண்டு மருந்து கொடுத்திருப்பது தெரியவரும்.

இரண்டு இடத்தில் கூடுதல் கவனம் வேண்டும். மூட்டுவாதத்துக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒரு தடவை சாப்பிடுவது. தினமும் சாப்பிட்டு உயிர் போனவர்கள் உண்டு. "வாரம் 1" என்று மட்டும் எழுதாமல் "செவ்வாய் மட்டும்" என்று கிழமையோடு எழுதுங்கள். இன்சுலினுக்கு "யூனிட்" என்று முழுச் சொல்லாக எழுதுங்கள், சுருக்கமாக U என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் அது பூஜ்யம் மாதிரித் தெரிந்து 4 யூனிட் 40 ஆகிவிடும்.

உலகச் சுகாதார அமைப்பு 2017-இல் மருந்துத் தவறுகளைக் குறைக்க ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியபோது மூன்று விஷயங்களை முன்னால் வைத்தது: ஆபத்து அதிகமான சூழல்கள், ஒரே ஆள் பல மருந்து சாப்பிடுவது, சிகிச்சை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு மாறுவது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிற நாள் அந்த மூன்றாவது. டிஸ்சார்ஜ் சீட்டையும் இந்தத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது புதிது, எது நின்றது, எது அளவு மாறியது என்று கிளம்பும் முன்பே நர்ஸிடம் கேட்டு முடித்துவிடுங்கள்.

படி 4: அளப்பது, வைப்பது

சிரப்பைச் சமையலறை ஸ்பூனில் அளக்காதீர்கள். ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும், பாட்டிலோடு வந்த மூடி அல்லது சிரிஞ்சு போதும். குழந்தைக்கான சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல, சொட்டு மருந்து ஒரு மில்லியில் பல மடங்கு அடர்த்தியாக இருக்கலாம். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரட்டிப்பாகப் போட வேண்டாம்.

எல்லாம் உயரத்தில், பூட்டி. இரும்புச்சத்து மாத்திரையும் சில ஷுகர் மாத்திரைகளும் சின்னக் குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்து.

படி 5: தாளின் பின்பக்கம்

மேலே உங்கள் பகுதியின் அவசர எண், விஷ முறிவு உதவி எண் இருந்தால் அதுவும், வீட்டு முழு முகவரி. பதற்றத்தில் சொந்த முகவரியே வாயில் வராது, நம்புங்கள். போனில் முதலில் இடத்தைச் சொல்லுங்கள், அப்புறம் என்ன நடந்தது என்பதை. ஸ்பீக்கரில் போடுங்கள், அவர்கள் சொல்லும்வரை வைக்காதீர்கள். அதன் கீழே இவ்வளவு எழுதினால் போதும்:

மூச்சுப்பேச்சு இல்லை, சரியாக மூச்சு வரவில்லை: ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் இரண்டு கையாலும் அழுத்துங்கள், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, நிறுத்தாமல். பயிற்சி வகுப்பு கிடைத்தால் ஒரு தடவை கட்டாயம் போய்வாருங்கள், பொம்மை மேல் அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் வேண்டும் என்று கைக்குத் தெரியும்.

முகம் கோணுகிறது, ஒரு கை தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது: பக்கவாதம். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறியுங்கள், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள்தான். "தூங்கி எழுந்தா சரியாகும்" என்று படுக்க வைக்காதீர்கள்.

ஷுகருக்கு மருந்து எடுப்பவர் வியர்த்து, நடுங்கி, குழம்பிப் பேசுகிறார்: ஷுகர் ரொம்ப இறங்கியிருக்கலாம். நினைவோடு விழுங்க முடிந்தால் சுமார் 15 கிராம் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதுவுமே கூடாது, ஒருக்களித்துப் படுக்க வைத்து ஆம்புலன்ஸை அழையுங்கள்.

குழந்தை மாத்திரையை விழுங்கிவிட்டது: வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எத்தனை குறைகிறது என்று எண்ணி, அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

தாளை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள், வீட்டில் எல்லார் போனிலும் போட்டோவாக இருக்கட்டும். மருந்து நின்றால் அழிக்காமல் ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தேதி எழுதுங்கள். எங்கள் தாளில் முதலில் மூன்று கோடுகள் இருந்தன. போன மாதம் அப்பாவைச் செக்கப்புக்குக் கூட்டிப்போனபோது டாக்டர் அந்தத் தாளைக் கையில் வாங்கி, வரிவரியாகப் பார்த்துவிட்டு, நாலாவது கோட்டை அவரே போட்டார்.