மில், மண்டி, லாரி ஆபீஸ்: மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேச ஒரு சோதனை நாள் நடத்துவது எப்படி?

ரைஸ் மில்லின் பில்லிங் மென்பொருள் தனியாக நன்றாக ஓடும். மண்டியின் கொள்முதல் மென்பொருளும் அப்படித்தான், லாரி புக்கிங் ஆபீஸில் இருப்பதும் அப்படித்தான். ஒன்று அனுப்பும் ஆர்டரை இன்னொன்று படிக்கும்போதுதான் தகராறு. கும்பகோணம், மன்னார்குடி, மாயவரம் பக்கம் இப்படி மென்பொருள் எழுதிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். "என் பக்கம் சரியாத்தான் இருக்கு" என்று போனில் ஒருவருக்கொருவர் சொல்லியே மாதம் ஓடிவிடும்.

இதைத் தீர்க்க நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு சோதனை நாள் நடத்தினோம். எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் மென்பொருளையும் மற்ற ஒவ்வொருவருடையதோடும் பேச விட்டுப் பார்ப்பது, அவ்வளவுதான். முறை புதிதல்ல. ஐ.நா.வின் வணிக எளிமைப்படுத்தல் அமைப்பும் ஓயாசிஸ் என்ற தர அமைப்பும் சேர்ந்து 1999-இல் தொடங்கி 2001 மே மாதம் முடித்த ஈபிஎக்ஸ்எம்எல் என்ற மின்வணிகத் தரத் திட்டத்திலேயே பல நிறுவனங்களின் மென்பொருள்களை இணைத்து ஓட்டிக் காட்டினார்கள். அமெரிக்காவின் டிரம்மண்ட் குரூப் ஏஎஸ்2 (வணிக ஆவணங்களை இணையம் வழியே பாதுகாப்பாக அனுப்பும் முறை) மென்பொருள்களுக்கு நடத்தும் சோதனையில் ஒவ்வொரு தயாரிப்பும் மற்ற எல்லாவற்றோடும் தேற வேண்டும். அதையே நம்மூர் அளவில் செய்வது எப்படி என்று எழுதுகிறேன். எக்ஸ்எம்எல் படிக்கத் தெரியும், கையெழுத்துக்கான டிஜிட்டல் சான்றிதழ் உருவாக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

"ஜிஎஸ்டி போர்ட்டல் ஏற்றுக்கொண்டதே, அப்புறம் எதற்கு?"

முதலில் வரும் கேள்வி இதுதான். அரசுத் தளத்தில் பதிவு செய்யும் மின் விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களுக்கு வந்தது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடிக்கு மேல் உள்ளவர்களுக்கும் கட்டாயமானது. அரசுத் தளம் சரிபார்ப்பது அரசுக்கு வேண்டியதை. வாங்குகிறவரின் மென்பொருள் அந்தப் பில்லைப் புரிந்துகொண்டதா என்று பார்ப்பது அதன் வேலை அல்ல.

நம் பகுதிக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரை பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீதம் வரி. 26 கிலோ சிப்பம் ஏன் இவ்வளவு ஓடுகிறது என்று மண்டிக்காரர்களுக்குத் தெரியும். வரி இல்லாத அந்தச் சிப்பத்துக்கு மின் விலைப்பட்டியலும் கிடையாது. ஆக, டெல்டாவில் அதிகம் புரளும் சரக்குக்கு அரசுத் தளத்தின் சரிபார்ப்பே இல்லை. நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆளும் நாளும்

முதலாளிகளை அழைக்காதீர்கள், மென்பொருளை எழுதியவர்களை அழையுங்கள். கூடவே கணக்குப் பார்க்கிறவர் ஒருவராவது கட்டாயம் வேண்டும். ஏன் என்று பின்னால் தெரியும்.

தை, மாசி வேண்டாம். சம்பா அறுவடை முடிந்து மில்காரர் தலைதூக்க நேரம் இருக்காது. மார்ச், ஏப்ரலில் கணக்கு முடிப்பு. எந்த மாதமானாலும் 11-ஆம் தேதிக்கும் 20-ஆம் தேதிக்கும் முந்தைய நாட்களில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலை இருக்கும். எனக்குப் பிடித்தது ஆடி. வியாபாரம் மந்தம், முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபத்து மாடி குறைந்த வாடகைக்குக் கிடைக்கும், ஜெனரேட்டரும் அங்கேயே இருக்கும்.

ஆறு மென்பொருள் போதும். ஆறு என்றால் 15 ஜோடி, இரண்டு திசையிலும் அனுப்பிப் பார்க்க 30 சோதனை. பத்து என்றால் 45 ஜோடி, 90 சோதனை. ஒரு நாளில் தாங்காது.

ஒரு பக்கத்தில் ஒப்பந்தம்

எந்தச் செய்திகள், எந்தப் பதிப்பு, எந்த வழியில் அனுப்புவது என்று ஒரே பக்கத்தில் எழுதி எல்லாரும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் எடுத்தது யுபிஎல் 2.1, அதாவது வணிக ஆவணங்களுக்கான ஒரு எக்ஸ்எம்எல் வடிவம். அது 2015-இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது (எண் 19845). அதில் கொள்முதல் ஆணை, சரக்கு அனுப்பிய அறிவிப்பு, விலைப்பட்டியல் ஆகிய மூன்று மட்டும் போதும். அனுப்ப ஏஎஸ்2, அதாவது 2005-இல் வெளியான ஆர்எஃப்சி 4130 என்ற இணையத் தர ஆவணத்தில் உள்ள முறை. சாதாரண எச்டிடிபி வழியாகவே போகும், கையெழுத்தும் மறையாக்கமும் உள்ளே இருக்கும்.

வாட்ஸ்அப்பில் எக்செல் அனுப்பினால் போதாதா என்பவர்களுக்கு என் பதில்: போதாது. யார் அனுப்பினார், வழியில் மாறியதா, போய்ச் சேர்ந்ததா என்ற மூன்றுக்கும் அதில் ஆதாரம் கிடையாது.

ஒரு வாரம் முன்னாலேயே முடிக்க வேண்டியவை

சான்றிதழ்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஏஎஸ்2 அடையாளப் பெயரைத் தட்டச்சு செய்யாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். அதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு, ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு ஆள்.

ஒப்புகைச் செய்தியை அதே இணைப்பில் உடனே திருப்பும் முறையில் மட்டும் தொடங்குங்கள். ஒப்புகையைப் பிறகு தனியாக அனுப்பும் முறைக்கு உங்கள் கணினியை வெளியிலிருந்து எட்ட முடிய வேண்டும். நம் ஊர் பிராட்பேண்ட் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. நீங்கள் அனுப்புவது போகும், திரும்பி வருவது உள்ளே நுழையாது. நிலையான ஐபி முகவரி வாங்கலாம், அல்லது வாடகை சர்வர் ஒன்றில் வைக்கலாம். சோதனை நாளில் இரண்டும் தேவையில்லை. மண்டபத்தில் ஒரு ரவுட்டரைப் போட்டு எல்லாரையும் ஒரே உள்வலையில் சேர்த்துவிடுங்கள்.

ஏஎஸ்2-இல் அனுப்பும் கருவி என்றால் எனக்கு ஓபன்ஏஎஸ்2. இன்னொரு கருவியான மெண்டல்சன் திரையில் பார்க்க எளிது, புதியவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் ஒரு ஜோடி பேசவில்லை என்றால் இரண்டு பேரின் அமைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். எல்லாம் எழுத்துக் கோப்பாக இருக்கும் ஓபன்ஏஎஸ்2 அதற்கு நூறு மடங்கு வசதி. உள்வலையில் எச்டிடிபிஎஸ் இல்லாமல் ஓட்டுங்கள். அப்போதுதான் வலையில் போவதைக் காட்டும் வயர்ஷார்க்கில் தலைப்பு வரிகள் தெரியும். சரக்கு விவரம் எப்படியும் மறையாக்கத்துக்குள் இருக்கும்.

சோதனைக் கோப்புகள்

ஒவ்வொருவரும் அவரவர் விருப்பத்துக்கு பில் போடக் கூடாது. எல்லாரும் ஒரே பில்லைத் தங்கள் மென்பொருளில் அடித்து வெளியே எடுக்க வேண்டும். எங்கள் பில்: பொன்னி அரிசி, 26 கிலோ சிப்பம் 40, விலை 100 கிலோவுக்கு ரூ. 5,200. மொத்த எடை 1,040 கிலோ, மொத்தத் தொகை ரூ. 54,080. நிஜ வாடிக்கையாளரின் ஜிஎஸ்டி எண்ணைச் சோதனைக்குப் பயன்படுத்த வேண்டாம்.

இனிதான் விஷயம்: ஒப்புகை வந்தால் தேறியதாக அர்த்தம் இல்லை

ஏஎஸ்2-இல் எதிர்ப்பக்கத்திலிருந்து கையெழுத்திட்ட ஒப்புகை வரும். பதிவுத் தபாலில் முன்பு வந்த ஒப்புகை அட்டை போலத்தான் அது. கடிதம் கைக்குப் போனது என்று காட்டும், படித்துப் புரிந்துகொண்டார் என்று காட்டாது. யார் யாருக்கு அனுப்பினார் என்று கட்டம் போட்டிருந்த எங்கள் பலகையில் முதல் சுற்றில் எல்லாக் கட்டத்திலும் ஒப்புகை வந்துவிட்டது. எல்லாரும் எழுந்து சாப்பிடப் போகத் தயார். அப்போது மண்டி கணக்குப் பார்க்கும் பெரியவர் திரையைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, பில்லு வந்துருக்கு. ஆனா நாப்பது கிலோன்னு காட்டுதே?"

அளவு 40 என்றும் அலகு எக்ஸ்பிஜி என்றும் மில் மென்பொருள் அனுப்பியிருந்தது. அலகு, பொதிக் குறியீடுகளுக்கான ஐ.நா. பரிந்துரை 20, 21-ன்படி அது மூட்டைக்கு உரிய குறியீடு, தவறே இல்லை. வாங்கும் மென்பொருளுக்கு அந்தக் குறியீடு தெரியாது. தெரியாததை மறுக்காமல் கிலோ என்று எடுத்துக்கொண்டது. இன்னொரு மென்பொருள் கிலோவுக்கு கேஜிஎஸ் என்று அனுப்பியது. அது ஜிஎஸ்டி குறியீடு. யுபிஎல் ஆவணங்களில் வழக்கமாக வருவது கேஜிஎம். சிலர் இரண்டையும் ஏற்றார்கள், சிலர் ஏற்கவில்லை. எல்லா ஜோடியையும் பார்த்தே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். இளகிய மென்பொருள் ஒன்று நடுவில் இருந்தால் எல்லாரும் சரி என்று தோன்றும்.

மூட்டை என்ற அலகே நம் ஊரில் ஒன்றல்ல. நெல் கொள்முதல் நிலையத்தில் சிப்பம் 40 கிலோ, அரிசிச் சிப்பம் 25 அல்லது 26, பழைய மூட்டைக் கணக்கில் 75. அதனால் நாங்கள் எடுத்த முடிவு: அளவு எப்போதும் கிலோவில்தான் போக வேண்டும். சிப்ப எண்ணிக்கையும் சிப்ப எடையும் பொருள் விவரத்தில் தனிப் புலங்களாகப் போகட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

விலையிலும் இதே கதை. 5,200 என்பது 100 கிலோவுக்கு. யுபிஎல்லில் விலையோடு அடிப்படை அளவு என்று ஒரு புலம் உண்டு, அதில் 100 என்று போட வேண்டும். அதைப் படிக்காத மென்பொருள் 1,040-ஐ 5,200-ஆல் நேரே பெருக்கி ரூ. 54,08,000 என்று காட்டும். நல்லவேளையாக இது கண்ணில் பட்டுவிடும். எடைத் தவறு அப்படிப் படாது.

ஆக, ஒரு கட்டத்தில் 'சரி' போட எங்கள் விதி: பெற்றவர் தன் திரையில் தெரியும் எடை, சிப்ப எண்ணிக்கை, தொகை, தேதி, ஊர் ஆகியவற்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும். அனுப்பியவர் காகித பில்லோடு ஒப்பிட வேண்டும். ஐந்தும் ஒத்தால் மட்டுமே 'சரி'.

கும்பகோணம் இரண்டு

ஊர்ப் பெயர் எங்களை அதிக நேரம் பிடித்து வைத்தது. பில்லில் கும்பகோணம், வாங்குபவரின் பட்டியலிலும் கும்பகோணம். ஆனால் மென்பொருள் "இந்த ஊர் பட்டியலில் இல்லை" என்றது. திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது.

இரண்டு கோப்பையும் பைட்டு பைட்டாகக் காட்டும் கருவியில் திறந்தால் புலப்படும். ஒன்றில் 30 பைட்டு, இன்னொன்றில் 33. 'கோ' எழுத்தில் உள்ள ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியெண்ணாக இருக்கலாம், அப்போது 3 பைட்டு. இரட்டைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்ணாகவும் இருக்கலாம், அப்போது 6 பைட்டு. பழைய பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றித் தரும் சில கருவிகள் பிரிந்த வடிவத்தையே விட்டுவிடுகின்றன. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு.

தீர்வு எளிது. ஒப்பிடும் முன் வந்த உரை, பட்டியல் இரண்டையும், பிரிந்த குறிகளைச் சேர்த்து வைக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றுங்கள். ஜாவா, பைத்தான், டாட்நெட் எல்லாவற்றிலும் இதற்குச் செயல்கூறு உண்டு. ஆனால் இதை எந்த இடத்தில் செய்கிறீர்கள் என்பது முக்கியம். கையெழுத்தைச் சரிபார்த்த பிறகுதான் செய்ய வேண்டும். முன்னால் செய்தால் பைட்டுகள் மாறி, நல்ல கையெழுத்தும் தவறு என்று வரும்.

ஊர்ப் பெயர் புலத்துக்கு 30 என்று வரம்பு வைத்திருப்பவர்கள் அது எழுத்தா பைட்டா என்று பாருங்கள். பைட்டு என்றால் பிரிந்த வடிவக் கும்பகோணத்தில் கடைசிப் புள்ளி போய் 'கும்பகோணம' என்று நிற்கும். திருத்துறைப்பூண்டியை நினைத்தே பார்க்க வேண்டாம்.

அரிசி ரகத்துக்கும் பெயரை நம்பாதீர்கள். ஒருவர் 'ஆடுதுறை 43' என்பார், இன்னொருவர் 'ஏடிடி 43' என்பார், ஒரே நெல்தான். விற்பவரின் பொருள் எண்ணைக் கொண்டு இணைக்க வேண்டும்.

நடுவில் திருத்தினால்

சோதனை நடக்கும்போதே ஒருவர் நிரலைத் திருத்துவார். திருத்தட்டும், ஆனால் பதிப்பு எண்ணை மாற்ற வேண்டும். அதுவரை அவர் வாங்கிய எல்லாச் 'சரி'யும் அழியும். கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு ஜோடிக்காகச் செய்த திருத்தம் ஏற்கெனவே தேறிய ஜோடியைக் கெடுப்பது சாதாரணமாக நடக்கிறது. முடிவுத்தாளில் மென்பொருள் பெயரோடு பதிப்பு எண் இல்லாவிட்டால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை.

தவறிய கோப்புகளை எறியாதீர்கள். அடுத்த பதிப்பு வரும்போது முதலில் ஓட்ட வேண்டியவை அவைதான்.

சேர்க்கை: இதைப் படித்துவிட்டு தாங்களும் நடத்திப் பார்த்தவர்கள் எழுதிய இரண்டு சிக்கல்கள்.

ஒன்று, கையெழுத்து சரியாக இருந்தும் ஒப்புகையில் உள்ள சரிபார்ப்புத் தொகை (செய்தியின் பைட்டுகளிலிருந்து கணக்கிடுவது) ஒத்துவரவில்லை என்பது. அதைக் கணக்கிடும் அல்காரிதத்தின் பெயரைப் பாருங்கள். பழைய மென்பொருள்கள் 'எஸ்எச்ஏ256' என்று சேர்த்து எழுதும், புதியவை நடுவில் ஒரு கோடு போடும். பெயரைத் தெரியாத மென்பொருள் வேறு அல்காரிதத்துக்குப் போய்விடும். பெறும்போது இரண்டு எழுத்து வடிவத்தையும் ஏற்றுக்கொள்ளும்படி எழுதுங்கள். சுருக்கிய பிறகு அனுப்புகிறீர்கள் என்றால் முதலில் சுருக்கத்தை நிறுத்திவிட்டுச் சோதியுங்கள். சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிடுவது கோப்பைச் சுருக்கும் முன்பா பின்பா என்பதிலேயே இரண்டு பக்கமும் வேறுபடலாம்.

இரண்டு, புதிதாக உருவாக்கிய சான்றிதழை 'இன்னும் நடைமுறைக்கு வரவில்லை' என்று ஒரு கணினி மறுத்தது. மில்லில் இருக்கும் பழைய கணினிகளில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். சான்றிதழைத் தொடும் முன் தேதியைப் பாருங்கள், தவறாக இருந்தால் பேட்டரியை மாற்றுங்கள். உள்வலையில் இணையம் இல்லாமல் ஓட்டுகிறீர்கள் என்றால் கணினி தானாக நேரத்தைத் திருத்திக்கொள்ளாது, ஒரு கணினியை நேர சர்வராக வைத்து மற்றவற்றை அதோடு இணைத்துவிடுங்கள்.