முதுகுப் பக்கம் கிழிஞ்ச கடல் – நான் சரி பண்ணுன கதை

டிசம்பர் 1964 புயலுக்கு முந்தின தனுஷ்கோடியை 360 டிகிரி விஆர் வீடியோவா பண்ணிட்டு இருந்தேன், கட்டடமெல்லாம் பிளெண்டர்ங்குற 3டி சாஃப்ட்வேர்ல, கடல் அலையை மட்டும் பி5 ஜேஎஸ்ல (படம் வரையுறதுக்கான ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) கோட் எழுதி ஓட்டுனேன். பாம்பன்ல மாமா பையனுக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டா திரும்பிப் பார்த்துட்டு "மச்சான், பின்னாடி கடல் கிழிஞ்சிருக்கு"ங்குறான். போட்டுல போறவன் கண்ணு, தப்பவே தப்பாது.

காரணம் சிம்பிள். 4096க்கு 2048 ஃப்ரேம்ல இடது ஓரமும் வலது ஓரமும் விஆர்ல ஒட்டிக்கும், ஆனா நான் நாய்ஸுக்கு (அலை மாதிரி மெதுவா ஏறி இறங்குற எண்களைத் தர்ற பி5 ஃபங்ஷன்) நேரா எக்ஸ் மதிப்பைக் கொடுத்ததால ரெண்டு ஓரத்துலயும் வேற வேற அலை. அப்புறம் எக்ஸை கோணமா மாத்தி காஸ், சைன் ரெண்டையும் கொடுத்தேன், கிழிசல் போச்சு, ஆனா குனிஞ்சு பார்த்தா காலடியில கோணி வாயை சுருக்கி கட்டுன மாதிரி எல்லாம் ஒரே புள்ளியில குவிஞ்சு நின்னுச்சு. கடைசியா ஒவ்வொரு பிக்ஸலுக்கும், பார்க்குறவரைச் சுத்தி இருக்குற உருண்டை மேல உள்ள எக்ஸ், ஒய், இசட் மூணையும் கணக்கு போட்டு கொடுத்து, அலை நகர டைமை ஒய்யோட கூட்டிவிட்டேன்.

இதுலயும் ஒரு கண்ணி. பி5 நாய்ஸ் மைனஸ் எண்ணை பிளஸ்ஸாத்தான் எடுத்துக்கும், அதனால அலை கண்ணாடி பிம்பம் மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா வரும், இது புரியவே ரெண்டு ராத்திரி போச்சு (நடுவுல கரண்ட் கட் வேற). மைனஸே வராம இருக்க மூணுலயும் 10 கூட்டுனேன், சரியாயிருச்சு.

எக்ஸ்போர்ட் பண்ணதும் 360 மெட்டாடேட்டா (இது 360 வீடியோன்னு பிளேயருக்குச் சொல்ற குறிப்பு) சேர்க்க மறந்துடாதீங்க, இல்லைன்னா வீடியோ தட்டையா, இழுத்து வச்ச மாதிரி ஓடும்.