காயின்ல இருக்கறது மிண்ட் எரரா, அடிபட்டதா?

தாராவியில மளிகைக் கடைங்கறதால தினமும் கைநிறைய சில்லறை புரளும், அதுல கோணலா ஒண்ணு வந்தா போதும், "அண்ணே இது எரர் காயின், காசு அடிக்கிற மிண்ட்லயே தப்பா வந்தது, பெரிய விலை போகும்"னு யாராவது சொல்லிருவாங்க, தயவுசெஞ்சு நம்பி காசைக் குடுத்துராதீங்க, முதல்ல ஒரு லென்ஸ் வச்சு பாருங்க.

கோடு மேடா எழும்பி நின்னா அது காயின் அடிக்கிற அச்சுல விழுந்த விரிசல், அதாவது நிஜமான எரர். பள்ளமா இருந்து ரெண்டு ஓரமும் மெட்டல் பிதுங்கியிருந்தா வெறும் கீறல்தான்.

ஓரத்துல பிறை மாதிரி வெட்டு இருந்தா, வெட்டை விடுங்க, அதுக்கு நேர் எதிர்ப்பக்கம் விளிம்பைப் பாருங்க. அச்சடிக்காத வெறும் தகடுலயே வெட்டுப்பட்டு வந்ததுன்னா, அச்சடிக்கறதுக்கு முன்னாடி விளிம்பை மேடாக்கும்போது அங்க அழுத்தம் பத்தாம விளிம்பு மங்கலா இருக்கும், கச்சிதமா இருந்தா பெரும்பாலும் யாரோ அரம் போட்டதுதான்.

பத்து ரூபா காயின்ல நடுவட்டம் கழண்டு வர்றது நிறைய பாக்கறேன், அதுல இருக்கற டிசைன் வெளி வளையத்துல இருக்கற டிசைனோட சரியா சேர்ந்து நின்னுச்சுன்னா அடிச்சப்புறம் தட்டி எடுத்ததுதான்.

எனக்குப் பிடிச்சது திரும்பின அச்சு. நம்ம காயினை பக்கவாட்டுல புக்கு பக்கம் மாதிரி திருப்பினா பின்பக்கமும் நேரா நிக்கணும், நல்லா சாஞ்சு நின்னா அது மிண்ட்ல நடந்தது, சுத்தியலால அப்படி பண்ணவே முடியாது.

எதுவானாலும் புளி போட்டு மட்டும் தேய்ச்சுராதீங்க.