சிறிய மில்லிங் மிஷினில் பெரிய எஃகுக் கட்டியைச் சதுரமாக்குதல்

வீட்டுப் பட்டறைகளில் பரவலாகக் காணப்படும் எக்ஸ்2 வகை மில்லிங் மிஷினில் (சுழலும் கட்டரால் உலோகத்தைச் சீவும் சிறிய மிஷின்), 150 × 80 × 60 மி.மீ. அளவுள்ள மைல்டு ஸ்டீல் கட்டியை ஆறு பக்கமும் சீவிச் சதுரமாக்க, அதாவது பக்கங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையச் செய்ய முடியும். கட்டியின் எடை ஐந்தரைக் கிலோவுக்குச் சற்று மேல்தான். மோட்டாரின் திறன் போதாது என்றே பலரும் முதலில் கவலைப்படுகிறார்கள். ஆனால் வேலையைக் கெடுப்பது பெரும்பாலும் மிஷினின் அசைவுதான். தூணும், கட்டரைத் தாங்கும் ஹெட்டும், கட்டியைத் தாங்கும் டேபிளும் இம்மியளவு அசைந்தாலும் கட்டர் அதிரத் தொடங்கும்; அதிர்வு வந்துவிட்டால் எந்த மோட்டாரும் கைகொடுக்காது.

முதலில் இடத்தை அளக்க வேண்டும். கட்டியின் நீளத்தோடு கட்டரின் விட்டத்தையும் சேர்த்த தூரத்துக்கு டேபிள் நகர வேண்டும். கட்டியைப் பிடிக்கும் வைஸின் உயரம், கட்டியின் உயரம், கட்டரைப் பிடிக்கும் காலெட்டோடு கட்டரின் நீளம் ஆகிய மூன்றும் ஸ்பிண்டிலுக்கு (கட்டரைச் சுழற்றும் தண்டுக்கு) அடியில் அடங்க வேண்டும். அடுத்தது, எவ்வளவு உலோகத்தை நீக்கப் போகிறோம் என்ற கணக்கு. 16 மி.மீ. விட்டமுள்ள நான்கு பல் ஹைஸ்பீடு ஸ்டீல் எண்ட் மில் கட்டரை 500 ஆர்.பி.எம். வேகத்தில் ஓட்டி, 1 மி.மீ. ஆழமும் 8 மி.மீ. அகலமுமாக நிமிடத்துக்கு 80 மி.மீ. நகர்த்தினால், பெரிய முகத்தில் 5 மி.மீ. குறைக்க வெட்டும் நேரம் மட்டுமே ஒன்றரை மணியைத் தாண்டிவிடும். ஆகவே கடையிலேயே பேண்ட்சாவில் (பட்டை ரம்பத்தில்), தேவையைவிட 2 மி.மீ. மட்டும் கூடுதலாக அறுத்து வாங்குவதே புத்திசாலித்தனம்.

கறுப்புத் தோல் (சூடாக உருட்டும்போது படியும் ஆக்சைடு) படிந்த கட்டியாக இருந்தால், அந்தத் தோல் கட்டரின் முனையை விரைவில் மழுக்கிவிடும். ஓரிரவு வினிகரில் ஊறவைத்துத் தேய்த்தாலே அது உதிர்ந்துவிடும்; இல்லையெனில் கிரைண்டரால் நீக்கலாம்.

வெட்டத் தொடங்கும் முன் ஸ்பிண்டிலில் டயல் இண்டிகேட்டரை (நுண்ணிய ஏற்றத்தாழ்வைக் காட்டும் முள் அளவியை) பொருத்தி, டேபிளின் மீது கையால் சுற்றிப் பார்த்து, ஹெட் நேராக நிற்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். எக்ஸ்2 வகையில் சாயும் தூணை ஒரே பெரிய நட்டு தாங்கி நிற்பதால், கடினமான வெட்டுக்குப் பிறகும் இதை மறுபடி பார்ப்பது நல்லது. டேபிள் இடவலமாக நகரும்போது மற்ற இரு அச்சுகளையும் பூட்டிவிடுங்கள். எண்ட் மில்லை, துளையிடும் டிரில் பிட்டைப் பிடிக்கும் டிரில் சக்கில் ஒருபோதும் பிடிக்கக் கூடாது; பக்கவாட்டு அழுத்தத்தில் சக் கழன்று விழும்.

பிடிப்புதான் இந்த வேலையின் உயிர். என் முதல் முயற்சியில், வைஸ் தாடையின் மேல்விளிம்பை மட்டும் நம்பி ஒரு கட்டியைப் பிடித்தேன். இரண்டாவது வெட்டிலேயே அது மேலெழும்பிக் கட்டரின் இரண்டு பற்களை உடைத்தது. பெரிய முகத்தைச் சீவும்போது கட்டியை டேபிளின் மீதே வைத்து, இரு முனைகளிலும் கிளாம்ப் போட்டு இறுக்குவதே சிறந்தது. அடிப்பக்கம் ஆடினால் மெல்லிய தகடு செருகி ஆட்டத்தை நீக்குங்கள். கிளாம்ப்பின் போல்ட், அதன் மறுமுனையைத் தாங்கும் தாங்கு கட்டையைவிடக் கட்டிக்கு அருகில் இருக்க வேண்டும். தாங்கு கட்டையின் பக்கம் ஒரு மயிரிழை உயர்ந்திருக்க வேண்டும். கிளாம்ப் மறைக்கும் இடத்தை, முதலில் மறுபாதியைச் சீவிவிட்டுக் கிளாம்ப்பை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுச் சீவலாம்.

டேபிளை நகர்த்தும் திருகில் பேக்லாஷ் (தளர்வான ஆட்டம்) உள்ள மிஷினில், கட்டரின் பற்கள் சுழன்று வரும் திசைக்கு எதிராகவே கட்டியை நகர்த்த வேண்டும். அதே திசையில் நகர்த்தினால் கட்டர் டேபிளைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். காதையும் கண்ணையும் திறந்து வையுங்கள்: சீரான உறுமல் நல்லது, கிரீச்சென்ற ஓசை வந்தால் வேகத்தைக் குறையுங்கள், நகர்த்துவதைக் குறைக்காதீர்கள். மெதுவாக உரசும் பல் வெட்டாமல் தேய்ந்து போகும். ஹைஸ்பீடு ஸ்டீல் கட்டரிலிருந்து வெள்ளி நிறத்திலோ வெளிர்மஞ்சளாகவோ சீவல் வந்தால் சரி. நீலமாக வந்தால் நிறுத்திவிடுங்கள். எண்ணெயைப் பல் வெளியேறும் பக்கத்திலிருந்து பிரஷ்ஷால் தடவுங்கள். கையுறை கூடாது, கண்ணாடி கட்டாயம்.

முதல் முகம் முடிந்ததும் அரத்தால் பிசிறை நீக்கி, அதைக் கீழே வைத்து எதிர்முகத்தைச் சீவுங்கள். பிறகு பக்கங்களுக்கு வைஸ்: சீவிய முகம் அசையாத தாடையில் படிய, அசையும் தாடைக்கும் கட்டிக்கும் இடையில் ஓர் உருண்டைக் கம்பியை வையுங்கள். அழுத்தம் ஒரு கோட்டில் விழுவதால் கட்டி திரும்பாது, மூலைமட்டம் பிசகாது. அடுத்த பக்கத்துக்கு, இப்போது சீவிய பக்கத்தைக் கீழே வைத்துத் தட்டி உட்கார வைக்க வேண்டும்.

முனைகள்தான் கடைசி, சிரமமும் அதிகம். 150 மி.மீ. உயரமாக வைஸில் நிறுத்தினால் ஸ்பிண்டிலுக்கு இடமிருக்காது. டேபிளில் ஆங்கிள் பிளேட்டை (செங்கோண வடிவத் தாங்கியை) இறுக்கி, அதை ஒட்டிக் கட்டியை நேராக நிறுத்தி இரண்டு கிளாம்ப்புகளால் பிடித்து, 0.2 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் பொறுமையாகச் சீவுங்கள்.