மீண்டதா, மிஞ்சியதா? தண்டுவட ஆய்வுக்கு வருவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டுவடம் வெட்டப்பட்ட எலி ஒன்று ஐந்தாம் வாரத்தில் பின்னங்கால்களை ஊன்றி அடியெடுத்து வைக்கும் காணொளியை, எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த மாணவி ஒருவர் சென்ற மாதம் கண்கள் மின்னக் கொண்டுவந்து காட்டினார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் அதே மகிழ்ச்சியோடு அதே போன்ற காணொளியை நானும் என் வழிகாட்டியிடம் கொண்டுபோயிருக்கிறேன். அன்று நான் செய்த தவறுகளையே ஒவ்வோர் ஆண்டும் புதியவர்கள் செய்வதைப் பார்த்துவருவதால் இதை எழுதுகிறேன். மயக்க மருந்தின் அளவு, கருவிகளின் தூய்மை, கூண்டுகளுக்கு எண்ணிடுவது ஆகியவற்றை எந்தக் கையேடும் சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கால் அசைந்ததும் நரம்பு வளர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பாலூட்டிகளின் தண்டுவடத்தில் அறுந்த நரம்பிழைகள் தாமாக நெடுந்தொலைவு வளர்வதில்லை. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையான மயலினில் இருக்கும் நோகோ-ஏ போன்ற புரதங்களும், காயத்தைச் சுற்றிய வடுவில் சேரும் சில பொருள்களும் அவ்வளர்ச்சியைத் தடுக்கின்றன. அத்தடைகளை நீக்குவதையே இத்துறையின் மருந்துகள் பலவும் குறியாகக் கொண்டிருப்பதால், மருந்து பெற்ற எலி நடந்தால் இழை வளர்ந்துதான் நடந்தது என்று மனம் உடனே ஒப்புக்கொண்டுவிடுகிறது. ஆனால் அந்த எலி நடக்க வேறு இரண்டு காரணங்கள் இருக்கலாம். மூளையின் தொடர்பு முற்றிலும் அறுந்த பின்னும் தண்டுவடம் நடையின் தாளத்தைத் தானே உண்டாக்க வல்லது. உடலியலாளர் கிரகாம் பிரவுன் இதை 1911இலேயே பூனைகளில் காட்டிவிட்டார். மற்றொன்று, வெட்டியபோது சில இழைகள் கத்திக்குத் தப்பியிருக்கலாம். மிகச் சிறு பங்கு தப்பினாலும் எலியின் நடை வியக்கத்தக்க அளவுக்குத் திரும்பிவிடும்.

நான் விழுந்தது இந்த இரண்டாவது குழியில்தான். மார்புப் பகுதியில் தண்டுவடத்தை முழுவதும் வெட்டியதாக என் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். மருந்து பெற்ற எலிகளுள் நான்கு நன்றாக நடந்தன. பதினொரு மாதங்களுக்குப் பிறகு திசுவை நுண்சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, தண்டுவடத்தின் வயிற்றுப்புற ஓரத்தில், உறைச் சவ்வை ஒட்டியபடி, மயிரிழை போன்ற ஒரு கீற்று காயத்தின் மேல் விளிம்பிலிருந்து கீழ் விளிம்பு வரை அறுபடாமல் சென்றது. அதற்குள் சாயமேறிய இழைகள், வாரிவிட்ட கூந்தலைப் போல ஒன்றுக்கொன்று இணையாக, நேராக ஓடின. காயத்தின் ஊடே புதிதாக வளரும் இழை அப்படி ஓடுவதில்லை. அது வளைந்து, நெளிந்து, கிளைத்து, வழி தேடிச் செல்லும். வெட்டும்போது ரத்தம் நிறைந்து அடிப்பகுதி மறைந்ததும், அதற்குமேல் கத்தியை இறக்க நான் அஞ்சியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. நடக்காத எலிகளில் அந்தக் கீற்று இல்லை. ஓராண்டு உழைப்பு வீணாயிற்று; அத்தனை எலிகளையும் பயனின்றிக் கொன்றிருக்கிறேன் என்பது அதைவிடக் கனமாக இருந்தது.

தப்பிய இழையையும் மீண்டும் வளர்ந்த இழையையும் பிரித்தறியும் அடையாளங்களை நரம்பியல் ஆய்வாளர் ஆஸ்வால்ட் ஸ்டூவர்டும் அவருடைய சகாக்களும் 2003இலேயே ஒரு கட்டுரையில் தொகுத்துவிட்டார்கள். இழை செல்லும் பாதை இயல்பான உடற்கூற்றுக்கு மாறாக இருக்கிறதா, அதன் நுனியில் வளர்கூம்பு (வளரும் இழையின் விரிந்த முனை) தெரிகிறதா, காயம்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் அவ்வளவு தூரம் அது வளர்ந்திருக்க முடியுமா என்று கேட்கச் சொல்கிறது அக்கட்டுரை. அதைப் படிக்காமலே கத்தியைக் கையில் எடுப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்.

செய்ய வேண்டியவை எட்டாத வேலைகள் அல்ல. ஒவ்வோர் எலியின் தண்டுவடத்தையும், ஒன்றையும் விடாமல், காயத்தின் முழு நீளத்துக்கும் அறுத்துப் பார்க்க வேண்டும். வெட்டிய சில நாட்களுக்குள்ளேயே ஓரிரு எலிகளின் திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். வளர்வதற்கு நேரமே இல்லாதபோது காயத்தைத் தொடர்ச்சியாகக் கடந்து செல்லும் இழை மிஞ்சியதாகத்தான் இருக்க முடியும். நன்றாக நடந்த எலியில் பழைய காயத்துக்குச் சற்று மேலே மறுபடியும் முழுவதுமாக வெட்டிப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் நடை நீடித்தால் அது கீழ்ப்பகுதித் தண்டுவடத்தின் சொந்தத் தாளம். நின்றுவிட்டால், காயத்தைத் தாண்டி ஏதோ ஒன்று செல்கிறது என்பது மட்டுமே உறுதியாகும். அது மீண்டதா, மிஞ்சியதா என்பதைத் திசுதான் சொல்ல வேண்டும்.

இது என் ஒருவரின் கதையாக இருந்தால் இவ்வளவு எழுத மாட்டேன். புகழ்பெற்ற இதழ்களில் வந்த தண்டுவட ஆய்வு முடிவுகளை மீண்டும் செய்துபார்ப்பதற்கென்றே அமெரிக்க அரசின் நரம்பியல் ஆய்வு நிறுவனம் நிதி ஒதுக்கியது; அந்த மறு ஆய்வுகளின் தொகுப்பு 2012இல் வந்தபோது, பெரும்பாலானவற்றில் முதலில் சொல்லப்பட்ட பலன் அப்படியே கிடைக்கவில்லை. காரணங்கள் பல என்றாலும், வெட்டின் ஆழம் எலிக்கு எலி மாறுவதை நான் முதல் வரிசையில் வைப்பேன்.

எந்த எலிக்கு மருந்து என்று தெரிந்துகொண்டே மதிப்பெண் இடுவது

கூடாது.

மதிப்பெண்ணைக் கூட்டி வகுப்பது

எலியின் பின்னங்கால் அசைவுக்கும் நடைக்கும் மதிப்பெண் இட 1995இல் வந்த பிபிபி அளவுகோல் 0 முதல் 21 வரை செல்கிறது. 2க்கும் 3க்கும் உள்ள இடைவெளியும் 11க்கும் 12க்கும் உள்ள இடைவெளியும் ஒன்றல்ல; முன்னது மூட்டு அசைவின் அளவைப் பற்றியது, பின்னது முன்னங்கால்களும் பின்னங்கால்களும் ஒத்திசைந்து நடக்கத் தொடங்கியதைப் பற்றியது. சராசரி மட்டும் தந்தால் இந்த வேறுபாடு மறைந்துவிடும்.

சிறுநீர்ப்பையை மறப்பது

காயம்பட்ட எலியால் தானே சிறுநீர் கழிக்க முடியாது. நாளுக்கு இரண்டு மூன்று முறை, ஞாயிறு விடுமுறை என்று பாராமல், அடிவயிற்றைக் கையால் மெல்ல அழுத்தி வெளியேற்ற வேண்டும். விரல்களுக்கிடையே நெல்லிக்காய் அளவில் இறுகித் தெரியும் பை தளர்ந்து மறையும் வரை கையை எடுக்கக் கூடாது. தவறினால் தொற்று வரும். காய்ச்சலில் சுருண்டு கிடக்கும் எலி நடக்காததை மருந்தின் தோல்வி என்று எழுதிவிடுவீர்கள்.

இடையில் இறந்த எலிகளைச் சொல்லாமல் விடுவது

எத்தனை, எந்தக் குழுவில், எந்த நாளில் என்று எழுதுங்கள்.

எலியிலிருந்து மனிதருக்குத் தாவுவது

விபத்துக்குப் பின் முதல் சில மாதங்களில் பலருக்குச் சிறிதளவேனும் அசைவு தானாகவே திரும்புகிறது. அந்நாட்களில் எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் பெயர் அதற்குப் போய்விடும். ஒப்பீட்டுக் குழு இல்லாத சோதனை இதனால்தான் ஏமாற்றுகிறது. ஒப்பீடு இருந்தும் தவறலாம். மெத்தில்பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைப் பற்றி 1990இல் வந்த பெரிய சோதனையில், காயம்பட்ட எட்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோதே பலன் தெரிந்தது. அதை நம்பிப் பல ஆண்டுகள் உலகெங்கும் கொடுத்தார்கள். 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர்களின் வழிகாட்டுதல் அதைக் கொடுக்க வேண்டாம் என்றது.

சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் தண்டுவடத்தின் மேல் மின்முனைகளைப் பொருத்தி மூவரை நடக்க வைத்த செய்தி 2018இல் வந்தபோது, நரம்பு மீண்டும் வளர்ந்துவிட்டது என்று எண்ணியவர்கள் பலர். அந்த மூவருக்கும் தண்டுவடம் முழுதாகச் சேதமடையவில்லை. மின்தூண்டல் காயத்துக்குக் கீழே உறங்கிய சுற்றுகளை எழுப்பியது, மிஞ்சிய இழைகள் மூளையின் கட்டளையைக் கொண்டுசென்றன. முற்றிலும் செயலிழந்தவர் என்று மருத்துவர் குறித்த பலரிலும் இப்படிச் சில இழைகள் உயிரோடு இருப்பதுண்டு. இன்றைய நோயாளிக்கு அது பெரும் நம்பிக்கை என்பதால்தான் இவற்றின் பெயரை மாற்றி எழுதுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை: மிஞ்சியதைப் பயிற்றுவிப்பதும் அறுந்ததை வளர்ப்பதும் வேறு வேறு சிகிச்சைகள், வேறு வேறு நோயாளிகளுக்கானவை.

அந்த மாணவியின் எலிக்கு எட்டாம் வாரம் இன்னும் முடியவில்லை. முடிந்ததும், காணொளியை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் வயிற்றுப்புற ஓரத்தைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.