பயனரின் தேவையை அறிவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர் வட்டாரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் எழுதித் தருவோர் பலர், முதலாளியின் அறையில் அமர்ந்தே தேவைகளைக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பணம் கொடுப்பவர் அவர்தான். ஆனால் அந்தத் திரையோடு அன்றாடம் மல்லாடப் போகிறவர் கிடங்கின் மேற்பார்வையாளர். முதலாளி மாதக் கடைசியில் அறிக்கை கேட்பார். மேற்பார்வையாளருக்கோ, வாசலில் லாரி காத்திருக்கும்போதே பதிவு முடிந்தாக வேண்டும்.

கிடங்குக்குள் போனால் மட்டுமே புலப்படும் செய்திகள் உண்டு. பதனிட்ட தோலுக்குச் சதுர அடிக் கணக்கில் விலை பேசுகிறார்கள். இரண்டு தோல்கள் ஒரே அளவில் அமைவது அரிது என்பதால், ஒவ்வொன்றையும் அளவை இயந்திரத்தில் விட்டு, வந்த அளவை அதன் பின்புறத்திலேயே குறிக்கிறார்கள். தரம் பிரிப்பது தனி வேலை. மளிகைக் கடைக்கு எழுதிய சரக்கு மென்பொருளைச் சற்றே மாற்றி இங்கே கொடுத்தால், நூறு தோல் இருப்பதாகக் காட்டுமே தவிர, அவை எத்தனை சதுர அடி, எந்தத் தரம் என்று சொல்லாது. மேற்பார்வையாளர் மறுபடியும் நீள நோட்டை எடுத்துவிடுவார். அதை அவருடைய பிடிவாதம் என்று ஒதுக்குவது பெருந்தவறு. அவர் கோடு போட்டுப் பிரித்த பத்திகளையும், அடித்துத் திருத்திய இடங்களையும், ஓரத்துக் குறிப்புகளையும் பொறுமையாகப் படிப்பவருக்கு, எந்தக் கூட்டத்திலும் கிடைக்காத தேவைப் பட்டியல் கிடைக்கும்.

“என்ன வசதி வேண்டும்?” என்ற கேள்வியும் உதவாது. “எக்செல் மாதிரி இருந்தால் போதும் சார்” என்பதே பெரும்பாலும் பதிலாக வரும். “கடைசியாக வந்த லாட்டை எப்படிக் கணக்கெடுத்தீர்கள், கொஞ்சம் காட்டுங்கள் அண்ணா” என்று கேட்டு, இடைமறிக்காமல் பார்க்க வேண்டும்.

ஊரின் நிலவரத்தை அறியாமல் விதி வகுப்பதும் அடிக்கடி நிகழ்கிறது. வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் சென்றன. அங்குள்ளோரின் பழைய ஆவணங்களில் வேலூர் மாவட்டம் என்றே இருக்கலாம். ஆவணத்தில் உள்ள மாவட்டமும் இப்போதைய மாவட்டமும் பொருந்தவில்லை என்று மென்பொருள் படிவத்தைத் தடுத்தால், தவறே செய்யாத ஒருவர் அலைக்கழிக்கப்படுவார்.

சோதனையைச் சக ஊழியர்களோடு முடித்துக்கொள்வதும் கூடாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளுக்குச் செயலி செய்பவர், மேற்கு வங்கத்திலிருந்து நோயாளியோடு வந்து, வங்காளம் மட்டுமே படிக்கத் தெரிந்த உறவினர் ஒருவரின் கையில் அதைக் கொடுத்து, அவர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்று பார்த்த பிறகே வெளியிட வேண்டும்.